மாசாணி பார்த்த பாட்டு

பாட்டு என்றால் எல்லாரும் காதால்தான் கேட்பார்கள். போத்தனூர் மாசாணியம்மாளோ ஹுமேராவின் பாட்டை முதலில் கண்ணால் பார்த்தாள். காதால் கேட்டது அதற்குப் பிறகுதான். இதை வெளியே சொன்னால் "பாவம், வயசாயிருச்சு" என்று தலையை ஆட்டுவார்கள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் சொல்லாவிட்டால் என்ன, நாம் சொல்லிவிட்டுப் போவோம்.

மாசாணிக்குச் சொந்த ஊர் காரமடைக்குப் பக்கம். அப்பனும் ஆத்தாளும் பண்ணையத்துத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். மகளும் களை வெட்டியே காலம் தள்ள வேண்டாம் என்று, போத்தனூரில் இருந்த சித்தி அவளைக் கூட்டிவந்து பக்கத்திலிருந்த நூல் மில்லில் சேர்த்துவிட்டாள். அப்போது மாசாணிக்குப் பதினேழு வயது. ரிங் பிரேம் என்கிற நூல் நூற்கும் எந்திரங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த கொட்டகைக்குள் முதல் நாள் கால் வைத்ததும், அந்த இரைச்சலில் காது அடைத்து, வந்த வழியே வெளியே ஓடிவிட்டாள். "அட சாமீ, இதுக்குள்ள மனுசன் இருப்பானா!" என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். "எல்லாரும் மொத நாளு இப்படித்தான் ஓடுவாங்க புள்ள. ரெண்டாம் நாளு நாங்க தொரத்துனாக்கூடப் போவ மாட்டாங்க" என்று சொல்லிக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனவள்தான் ஹுமேரா.

ஹுமேராவுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். அவளுடைய அப்பா ரயில்வே சிக்னல் பட்டறையில் வேலை பார்த்து, வேலையில் இருக்கும்போதே இறந்துபோனவர். தம்பிகள் படிப்பதற்காக இவள் மில்லுக்கு வந்தாள். வீட்டுக்குள் உருது, வாசற்படி தாண்டினால் அச்சு அசல் கோயமுத்தூர்த் தமிழ். அவள் பேசுவதைக் கேட்டால் இன்னொரு பாஷை இவளுக்குள் இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள்.

மில்லுக்குள் பேசுவது ஒரு தனி வித்தை. தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது. அதனால் மில்காரிகள் குரலே எடுக்காமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். நாலு எந்திரம் தள்ளி நிற்பவளிடம் புளிக்குழம்பின் பக்குவத்திலிருந்து நாத்தனார் பண்ணும் அலும்பு வரைக்கும் உதட்டிலேயே சொல்லி முடித்துவிடலாம். மேஸ்திரியைப் பற்றி மேஸ்திரிக்கு எதிரிலேயே பேசிச் சிரிக்கலாம், அவர் பாவம் மீசையைத் தடவிக்கொண்டு போவார். ஒருத்தியைக் கூப்பிட வேண்டுமானால் கையைத் தலைக்கு மேலே தூக்கி, அறுந்த நூலைப் பிணைக்கிற மாதிரி இரண்டு விரலை முறுக்க வேண்டும். "இங்க பாரு" என்று அதற்கு அர்த்தம். மாசாணி இதையெல்லாம் வெகு சீக்கிரம் பிடித்துக்கொண்டாள்.

அப்படி ஒருநாள் எதிர் வரிசையைப் பார்த்தால், ஹுமேராவின் உதடு அசைகிறது. எதிரில் யாரும் இல்லை. வலது உள்ளங்கையைக் கழுத்துக்குக் கீழே, நெஞ்செலும்பின் மேல் அழுத்தி வைத்திருக்கிறாள். கண் பாதி மூடியிருக்கிறது. மேஸ்திரியைத்தான் மனதாரத் திட்டுகிறாள் என்று நினைத்து, மாசாணி விரலை முறுக்கிக் கூப்பிட்டாள்.

"ஆரப் புள்ள திட்டறே?" என்று உதட்டால் கேட்டாள்.

"பாடறேன்."

"அட கெரகமே! இந்தச் சத்தத்துல ஆருக்குக் கேக்கும்?"

"எனக்கே கேக்காது. எலும்புல கை வெச்சா சுருதி நிக்கறது தெரியும்."

பிற்காலத்தில் ஹுமேரா பேகம் என்ற பெயர் டெல்லிக்கும் லக்னோவுக்கும் போனபோது, பாடுகையில் அவள் நெஞ்சில் கை வைத்துக்கொள்ளும் அழகைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதினார்கள். உருகிப் பாடுகிறாராம், இதயத்தைத் தொட்டுப் பாடுகிறாராம். அதைப் படிக்கக் கேட்டபோதெல்லாம் மாசாணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரிங் பிரேம் ஓட்டினவளுக்குத்தானே தெரியும் அந்தக் கை எதற்கு என்று.

தேநீர் இடைவேளையில் ஹுமேரா அந்தப் பாட்டுக்கு அர்த்தம் சொன்னாள். உருதுவில் கஜல் என்பார்களாம். அவளுடைய அப்பா பட்டறையில் சிக்னல் விளக்கைத் துடைத்துக்கொண்டே கட்டின வரிகளாம். இரண்டே இரண்டு அடி. 'வருகிறேன் என்று நீ சொன்னதே இல்லை' என்பது முதல் அடி. 'ஆனாலும் விளக்கை நான் அணைத்ததே இல்லை' என்பது இரண்டாம் அடி.

"இவ்வளவுதானா?" என்றாள் மாசாணி. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"இவ்வளவுதான். ஆனாக் கேளு. மொத அடியில நூல அத்து உட்டரோணும். ஒடனே முடிச்சுப் போடக் கூடாது. அதே அடிய மறுக்கா பாடோணும், வேற மாதிரி பாடோணும். கேக்கறவங்க, எப்படா சேரும் எப்படா சேரும்னு தவிக்கோணும். அதுக்குப் பொறவு ரெண்டாவது அடியில முடிச்சப் போட்டா, நெஞ்சுக்குள்ள சுருக்குனு வந்து உழுகும்."

மாசாணி தேநீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு அடியையும் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல என்னமோ செய்தது. அன்றிலிருந்து எதிர் வரிசையில் ஹுமேராவின் உதடு அசையும்போதெல்லாம், இவள் கை நூலைப் பார்த்தாலும் கண் அங்கேதான் இருக்கும். பாஷை தெரியாத அந்தப் பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் உதடு எப்படிக் குவியும், எங்கே விரியும், எங்கே பல் தெரியும் என்பது அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. குரல் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது. மில்லுக்கு வெளியே பாடச் சொன்னால் ஹுமேரா வெட்கப்பட்டு ஓடிவிடுவாள்.

அதற்கும் ஒரு நாள் வந்தது. மத்தியான சிப்ட். ஹுமேரா கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தாள். கரண்ட் போய்விட்டது. எந்திரம் ஒவ்வொன்றாக மூச்சு வாங்கி நின்றது. பாட்டிலேயே மூழ்கிக் கிடந்த அவளுக்கு அது தெரியவில்லை. இரைச்சல் வடிந்த கொட்டகைக்குள், மிதக்கிற பஞ்சுக்கு நடுவில், அவள் குரல் மட்டும் நின்றது. கொஞ்சம் கரகரத்த, அவசரமே இல்லாத குரல். குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனவள் குடத்தோடு நின்றாள். மேஸ்திரி மீசையில் வைத்த கையை எடுக்கவில்லை. மாசாணிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அடடா, இத்தனை நாள் இதையா பார்த்துக்கொண்டிருந்தோம்!

ஹுமேரா கண்ணைத் திறந்தாள். எல்லாரும் தன்னையே பார்ப்பது தெரிந்து முகம் சிவந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மில்காரிக்கு மெதுவாகப் பேச வராது. மாசாணி கொட்டகையே அதிரக் கத்தினாள்: "இன்னொருக்கா!"

அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். "இன்னொருக்கா பாடு புள்ள!" "அட, இன்னொருக்காங்கறேன்!" கரண்ட் வருகிற வரைக்கும் ஹுமேரா அதே இரண்டு அடியைப் பாடினாள், திரும்பத் திரும்பப் பாடினாள். ஒருமுறை பாடின மாதிரி மறுமுறை பாடவில்லை. அன்றைக்கு நூல் உற்பத்தி குறைந்ததற்குக் கரண்ட் மட்டும் காரணமில்லை என்பது மேஸ்திரிக்கும் தெரியும். அவர் மேலே இருந்தவர்களிடம் சொல்லவில்லை.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. ஹுமேராவை ஹைதராபாத்தில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் நல்ல மனுஷன், பெரிய வித்வான் ஒருவரிடம் அவளைப் பாட்டுக்குச் சேர்த்துவிட்டான். வானொலியில் பாடினாள், கேசட் வந்தது, துபாய்க்கெல்லாம் போய்ப் பாடினாள். கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் குரலை உயர்த்தாமல், காதோடு சொல்வது போலப் பாடுகிறவள் என்று பேர் வாங்கினாள். குரலை உயர்த்திப் பிரயோஜனமில்லை என்று மில்லில் படித்த பாடம் அது. புதுக் கேசட் வந்தால் மாசாணிக்கு ஒன்று வந்துவிடும். "அவிய என்ன பாடறாங்கன்னு ஒனக்குத் தெரியுமா? எதுக்கு இந்தத் தலையாட்டு ஆட்டறே?" என்று மாசாணியின் புருஷன் கேலி செய்வான். "நீங்க பேசறதுகூடத்தான் எனக்குப் பாதி புரியறதில்லீங்க. அதுக்குத் தலையாட்டலையா?" என்பாள் இவள். அந்தப் புருஷனும் போய்ச் சேர்ந்தான், மில்லும் மூடிக்கொண்டது. மாசாணி ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயாவாகப் போனாள், மகனைப் படிக்க வைத்தாள், கல்யாணம் செய்து வைத்தாள். எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தக் கேசட்டுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

இன்றைக்கு இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும், ஹுமேரா முதன்முதலாகக் கோயமுத்தூருக்குப் பாட வந்தாள். அவினாசி ரோட்டில் ஒரு பெரிய அரங்கம். முன்வரிசை முழுக்க மில் முதலாளிகளும் டாக்டர்களும். "நம்ம புள்ளைகளை எல்லாம் கூட்டியா மாசாணி" என்று ஹுமேரா ஆசை ஆசையாகச் சொல்லிவிட்டிருந்தாள். மாசாணி வேன் பிடித்து, பழைய மில்காரிகளைப் பட்டுச்சேலை கட்டவைத்துக் கூட்டிப்போனாள். ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் ஒரே பயம். மில்காரி ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். பெரிய மனிதர்கள் இருக்கிற இடத்தில் இவர்கள் லொடலொடவென்று பேசி, ஹுமேராவின் பேரைக் கெடுத்துவிட்டால்?

"இங்க பாருங்க, அவ இப்பப் பெரிய பாட்டுக்காரி. பாட்டு முடியற வரைக்கும் ஒருத்தியும் வாயத் தொறக்கக் கூடாது. இருமலு வந்தாலும் முழுங்கிப் போடுங்க. கம்முனு உக்காரோணும், ஆமா!" என்று வேனிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

சொன்னபடியே கம்மென்று உட்கார்ந்தார்கள். முன்வரிசைக்காரர்களும் அப்படியே. கொங்கு நாட்டில் மரியாதை என்றால் சும்மாவா, கையைக் கட்டிக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டார்கள். ஹுமேரா முதல் அடியைப் பாடி நிறுத்தியபோது, பின்னாலிருந்து ஒரு பெரியவர் மட்டும் கையை உயர்த்தி, "வாஹ்! வாஹ்!" என்றார். மாசாணிக்கு வந்ததே கோபம்! திரும்பி ஒரு முறை முறைத்து, "ஏனுங்க, பாடிட்டு இருக்கறப்பச் சத்தம் போடாதீங்க. சித்த கம்முனு இருங்க" என்றாள். பாவம் அந்தப் பெரியவர், கையை இறக்கிக்கொண்டு கூனிக் குறுகிப் போனார். அதன் பிறகு அரங்கத்தில் ஒரு ஈ பறந்தாலும் கேட்டிருக்கும். கச்சேரி முடிந்ததும் எல்லாரும் பதவிசாகக் கைதட்டினார்கள். மாசாணிக்குப் பெருமை பிடிபடவில்லை.

மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தபோது ஹுமேராவின் முகம் வாடிக் கிடந்தது. "நல்லா இருக்கியா?" என்று ஒரு வார்த்தை கேட்டாள், உடனே கிளம்பிவிட்டாள். அதோடு கேசட் வருவதும் நின்றது, பேச்சும் நின்றது. 'பெரிய ஆளாயிட்டா. பஞ்சு ஒட்டுன தலையெல்லாம் இனி அவளுக்கு எதுக்கு?' என்று மாசாணி பொருமினாள். கோபம் கோபம்தான், ஆனால் மகன் வாங்கிக் கொடுத்த செல்போனில் அவள் முதலில் கேட்டதும் ஹுமேராவின் பாட்டைத்தான்.

மில் இரைச்சல் காதை லேசில் விடுமா? ஐம்பது தாண்டியதும் இடது காது மங்கியது. இப்போது வலதும் அடைத்துக்கொண்டு வருகிறது. காதில் மெஷின் மாட்டிக்கொண்டால் எதிரில் இருப்பவர் பேசுவது கொஞ்சம் விழும், பாட்டு வைத்தால் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி கேட்கும். "இனி இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுங்கம்மா" என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவள் மருமகள் யுவஸ்ரீயிடம், "முழுசா அடைக்கறதுக்குள்ள ஒருக்கா அவ எதுக்க நின்னு பாடறதப் பாத்துப் போடோணும் கண்ணு. அவ மேல எத்தனை கோவம் இருந்தாலும் செரி" என்றாள்.

யுவஸ்ரீ கெட்டிக்காரி. செல்போனில் தேடித் துழாவி, ஹுமேராவின் புதுப் பேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். தமிழில் பேசிய பேட்டி. சத்தம் வேண்டாம், முகம் பெரிதாகத் தெரிந்தால் போதும் என்று மாசாணி போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டாள். உலகமெல்லாம் பாடுகிறீர்கள், பிறந்த ஊரில் மட்டும் ஏன் பாடுவதில்லை என்று பேட்டி எடுத்தவர் கேட்டார் போலிருக்கிறது. ஹுமேரா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு உதடு அசைந்தது.

"கஜல்ல கேக்கறவங்க பாதிப் பாட்டுங்க. மொத அடி பாடி நிறுத்துனா, கேக்கறவங்க வாய் தொறந்து வாஹ்னு சொல்லோணும், மறுக்கா பாடச் சொல்லோணும். அப்பத்தான் அடுத்த அடிக்கு எனக்கு மூச்சே வரும். எனக்கு மொதல்ல அப்படிச் சொன்னது எங்க மில்காரிங்க. கரண்ட் போன நேரத்துல, இன்னொருக்கா, இன்னொருக்கான்னு கேட்டாங்க. அந்த ஒரு வார்த்தைக்குத்தானுங்க நான் பாட்டுக்காரியே ஆனேன். அதே புள்ளைங்க முன்னால அப்பறம் ஒரு நாள் பாடுனேன். ஒருத்திகூட வாயத் தொறக்கலீங்க. என்னோட பாட்டு அவங்களுக்குப் புடிக்கலீன்னு தெரிஞ்சு போச்சு. அந்த ஊர்ல இனி நான் பாட மாட்டனுங்க."

மாசாணி போனைக் கவிழ்த்து வைத்தாள். "அய்யய்யோ!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "என்னாச்சுங்கத்தை?" என்று பதறி வந்த யுவஸ்ரீயிடம் வேனில் சொன்னது, பெரியவரை அதட்டினது எல்லாவற்றையும் கொட்டினாள். வாய் மூடி இருப்பது மரியாதை என்று நினைத்து, பாட வந்தவளின் மூச்சையே அல்லவா அடைத்துவிட்டாள்! இவள் அவளுக்குத் தலைக்கனம் என்று நினைத்தாள், அவள் இவளுக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை என்று நினைத்தாள். இடையில் இத்தனை வருஷம் போய்விட்டது. மாசாணி அன்று சாப்பிடவில்லை.

யுவஸ்ரீதான் அடுத்த சேதியையும் கொண்டுவந்தாள். பம்ப் செட் கம்பெனி நடத்தும் ஈஸ்வரமூர்த்தி என்பவர் தலைவராக இருக்கும் ஒரு சங்கத்தில், ஊருக்குப் பெருமை சேர்த்தவர்களுக்கு விருது கொடுக்கிறார்களாம். ஹுமேரா வருகிறாளாம். விருதை வாங்கிக்கொண்டு அன்றைக்கே விமானம் ஏறிவிடுவாளாம். பாடமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லித்தான் வரச் சம்மதித்தாளாம்.

"போயி என்னங்கத்தை பண்றது? அவங்கதான் பாட மாட்டேன்னுட்டாங்களே?"

"நீ கூட்டிப் போ கண்ணு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றாள் மாசாணி. என்ன பார்த்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, விளக்கெல்லாம் எரிந்த அந்தச் சின்ன அரங்கம் நிறைந்திருந்தது. இடம் கிடைத்தது கடைசி வரிசையில். மாசாணி மேடைப் பக்கம் போகப் பார்த்தாள். கழுத்தில் அட்டை மாட்டிய பெண்பிள்ளை ஒருத்தி சிரித்த முகத்தோடு மறித்து, "நிகழ்ச்சி முடியட்டுங்கம்மா, இப்ப போய் உக்காருங்கம்மா" என்று கையைப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டாள். நிகழ்ச்சி முடிந்தால் ஹுமேரா கார் ஏறிப் போய்விடுவாளே! 

மேடையில் ஹுமேரா. தலை முழுக்க வெளுத்திருந்தது. மூக்குத்தி மட்டும் மில்லில் போட்டிருந்த அதே மூக்குத்தி. ஈஸ்வரமூர்த்தி பொன்னாடை போர்த்திவிட்டு, "அம்மா பாட மாட்டாங்க. பாடச் சொல்லி நாம கேக்கறதும் மரியாதை இல்லீங்க" என்று சபைக்குச் சொன்னார். சபையும் மரியாதையாகத் தலையசைத்தது. ஹுமேரா எழுந்து மைக் முன்னால் வந்து நன்றி சொல்லத் தொடங்கினாள்.

மாசாணி எழுந்தாள். யோசிக்கவே இல்லை, கை தானாகத் தலைக்கு மேலே போனது. இரண்டு விரலைச் சேர்த்து முறுக்கினாள், அறுந்த நூலைப் பிணைக்கிற மாதிரி.

மேடையில் பேச்சு நின்றது.

ஹுமேரா கண்ணைச் சுருக்கிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்த்தாள். மாசாணி அவசர அவசரமாக உதட்டை அசைத்தாள், குரல் இல்லாமல்.

"நாந்தான் புள்ள, மாசாணி. அன்னிக்குக் கம்முனு உக்காரச் சொன்னது நாந்தான்."

ஹுமேராவின் உதடும் அசைந்தது. அவள் குரலையும் காணோம்.

"நீயா? எதுக்கு?"

"நீ பெரிய பாட்டுக்காரி. எங்க தொண்டை உன்ற பாட்டக் கெடுத்துப் போடுமோன்னு பயந்து போயிட்டேன். மரியாதைன்னு நெனச்சேன். வாஹ்னு சொன்ன பெரியவரக்கூட நாந்தான் அடக்குனேன்."

"அடிப் பாவி!"

சபைக்கு ஒன்றும் விளங்கவில்லை. விருது வாங்கிய அம்மாள் மைக் முன்னால் நின்று வாயை வாயை அசைக்கிறார், சத்தம் வரவில்லை. ஈஸ்வரமூர்த்தி மைக்தான் கெட்டுவிட்டது என்று ஓடிவந்து தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்று நன்றாகவே கேட்டது. அவர் குழம்பிப்போய் ஓரமாக நின்றார்.

ஹுமேரா சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. "புடிச்சிருந்துச்சா அப்போ?" என்று உதட்டால் கேட்டாள், சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி.

"புடிக்காமயா? இன்னைக்கும் அந்த ரெண்டு அடியத்தான் சொல்லிட்டுக் கெடக்கறேன். பாடு புள்ள."

"உனக்குக் கேக்குமா அங்க?"

மாசாணி காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். "காது போச்சு. பாக்கறேன், பாடு."

ஹுமேரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மைக்கை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்து, வலது உள்ளங்கையை நெஞ்செலும்பின் மேல் வைத்து அழுத்தினாள். ஈஸ்வரமூர்த்தி மைக்கை எடுத்துக்கொண்டு ஓடி, அவள் வாயருகே பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டு ஆரம்பித்ததும் காது மெஷின் தகரத்தைச் சுரண்டியது. மாசாணி அதைப் பிடுங்கி யுவஸ்ரீயின் கையில் திணித்தாள். இப்போது சுத்தமாகச் சத்தம் இல்லை. உதடு குவிந்தது, விரிந்தது, பல் தெரிந்தது. ஒவ்வொரு சொல்லும் அது அது இருந்த இடத்திலேயே இருந்தது. 'வருகிறேன் என்று நீ சொன்னதே இல்லை.' ஹுமேரா நிறுத்தினாள்.

நூல் அறுந்து நின்றது. சபை கையைக் கட்டிக்கொண்டு, இருமலை விழுங்கிக்கொண்டு, மகா மரியாதையாக உட்கார்ந்திருந்தது. மேடையில் ஹுமேரா மூச்சுக்குக் காத்திருந்தாள்.

"இன்னொருக்கா!"

எவ்வளவு சத்தமாகக் கத்தினோம் என்று மாசாணிக்குத் தெரியாது. முன்வரிசை வரைக்கும் தலைகள் திரும்பின. முன்னால் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் முகத்தைச் சுளித்துத் திரும்பி, "ஏனுங்கம்மா, பாடறப்பச் சத்தம் போடாதீங்க" என்றார். அவர் உதட்டைப் படித்ததும் மாசாணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அதையேதானுங்க நானும் ஒருத்தர்கிட்டச் சொன்னேன். தப்புங்க அது. வாயத் தொறந்து கேளுங்க, அப்பத்தான் அவளுக்கு அடுத்த அடி வரும்!" என்றாள், அதுவும் அரங்கம் முழுக்கக் கேட்கிற மாதிரிதான்.

மேடையில் ஹுமேரா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துவிட்டு, அதே அடியை மறுபடி எடுத்தாள். இந்த முறை உதடு வேறு மாதிரி அசைந்தது. நிறுத்தினாள். யுவஸ்ரீ வெட்கத்தை விட்டு எழுந்து நின்று, "இன்னொருக்காங்க!" என்றாள். ஹுமேரா பாடினாள். வெள்ளைச் சட்டைக்காரர் அக்கம்பக்கம் பார்த்தார், தொண்டையைச் செருமினார், பிறகு அவரும் கையைத் தூக்கினார்.

மாசாணிக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அரங்கத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஈஸ்வரமூர்த்தியின் உதடு, அட்டை மாட்டிய பெண்பிள்ளையின் உதடு, யார் யாரோ முகம் தெரியாதவர்களின் உதடு, எல்லா உதடும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தன. அன்றைக்குக் கரண்ட் போன கொட்டகையில் சொன்ன அதே சொல்.

ஹுமேரா கடைசி வரிசையைப் பார்த்தபடி இரண்டாம் அடியைப் பாடினாள். 'ஆனாலும் விளக்கை நான் அணைத்ததே இல்லை.' பாடி முடித்து, நெஞ்சிலிருந்து கையை எடுக்காமலே, குரல் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்: "போதுமா புள்ள?"

மாசாணி தலைக்கு மேலே கையைத் தூக்கி, விரலை முறுக்கினாள்.

"இன்னொருக்கா."